பேத்தியைப் பார்க்காத பாட்டி
மாடுகளின் நாட்டில் ஜெபமாலை உருட்டிய பெத்ரா அம்மையாரின் கதை

1865-ம் ஆண்டு. மெக்சிகோ நாட்டில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள ஊர் காமர்கோ.

அங்கே ஒரு வாலிபன் சிறைப்பட்டிருந்தான். பெயர் அட்ரியான் விடால். வயது இருபத்தைந்து இருக்கும். அவனைச் சுட்டுக் கொல்லும்படி தீர்ப்பாகி இருந்தது.

அவனுடைய மாற்றாந்தகப்பன் பெரிய பணக்காரர். "எவ்வளவு பணம் கேட்டாலும் கொடுத்து மகனை மீட்பேன்" என்று அவர் புறப்பட்டுப் போனார். ஆனால், அவர் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. துப்பாக்கிகள் முழங்கின. அட்ரியான் சாய்ந்தான்.

உயிரோடு அழைத்து வரப் போனவர், உடலைத்தான் கொண்டு வந்தார்.

அந்த மகனைப் பெற்ற தாயின் பெயர் பெத்ரா வேலா. புருஷன் வழியில் பெத்ரா கெனடி. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில், மாட்டுப் பண்ணைகளின் சீமையில், மிகப் பெரிய குடும்பம் ஒன்றின் தலைவி அவர்.

அந்தக் குடும்பத்திடம் கப்பல் இருந்தது. நிலம் இருந்தது. எண்ணி முடியாத மாடுகள் இருந்தன. ஆனால் அந்தத் தாய்க்கு மிஞ்சிய ஆறுதல், கையில் இருந்த ஜெபமாலை ஒன்றுதான்.

ஆறு எல்லை ஆனது

பெத்ரா பிறந்தது 1820-களில். ஊர் மியேர். ரியோ கிராண்டே ஆற்றின் தென்கரையில் உள்ள பழைய ஊர் அது. ஸ்பெயின் நாட்டு ஆட்சியில், 1753-ல் உண்டாக்கப்பட்டது. கால்நடை வளர்ப்பதுதான் அந்தப் பக்கத்து மக்களின் தொழில். கத்தோலிக்க மதம்தான் அவர்களுடைய மதம்.

பெத்ரா சிறுமியாக இருந்தபோது, ஆற்றின் இரண்டு கரையும் மெக்சிகோவுக்கே சொந்தம். தென்கரையில் வீடு இருக்கும். வடகரையில் மாடுகள் மேயும். ஆற்றைக் கடப்பது ஒரு தெருவைக் கடப்பது போல.

1846-ல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் யுத்தம் மூண்டது. மெக்சிகோ தோற்றது. 1848-ல் உடன்படிக்கை ஏற்பட்டது. அன்று முதல் ஆற்றுக்கு வடக்கே அமெரிக்கா, தெற்கே மெக்சிகோ.

மனிதர்கள் இடம் மாறவில்லை. எல்லைக்கோடுதான் மாறியது! ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டவன், தம்பி வேறு நாட்டவன் என்று ஆனது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவேதான் பெத்ராவின் வாழ்க்கையிலும் இடி விழுந்தது. அவர் லூயிஸ் விடால் என்ற மெக்சிகோ ராணுவ அதிகாரியோடு குடும்பம் நடத்தி வந்தார். அவருக்குப் பல குழந்தைகளைப் பெற்றார். 1840-களின் இறுதியில் விடால் இறந்து போனார். 1849-ல் அந்த ஆற்றங்கரை ஊர்களில் காலரா புகுந்து ஏராளமான பேரைக் கொண்டு போனது.

கையில் குழந்தைகள். துணைக்கு ஆள் இல்லை. பெத்ரா வடகரைக்கு வந்தார். பிரவுன்ஸ்வில் என்ற புதிய ஊரில் குடியேறினார்.

கப்பல்காரர் கெனடி

அந்த ஊரில் ஒரு நீராவிக் கப்பல் கேப்டன் இருந்தார். மிப்ளின் கெனடி என்று பெயர். (அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் குடும்பம் வேறு, இது வேறு.)

கெனடி 1818-ல் பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தவர். யுத்தத்தின் போது துருப்புகளுக்குச் சாமான் ஏற்றிச் செல்ல ரியோ கிராண்டேக்கு வந்தார். யுத்தம் முடிந்ததும் அங்கேயே தங்கிவிட்டார். ரிச்சர்ட் கிங் என்ற நண்பரோடும் வேறு சிலரோடும் சேர்ந்து, 1850-ல் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். ஆற்றில் போகும் சரக்கெல்லாம் அவர்கள் கப்பலில்தான் போயிற்று.

குழந்தைகளோடு தனியே நின்ற பெத்ராவை அவர் விரும்பினார். 1850-களின் தொடக்கத்தில் இருவருக்கும் கலியாணம் நடந்தது.

பெத்ராவின் பேச்சு ஸ்பானிஷ். கெனடியின் பேச்சு ஆங்கிலம். பெத்ரா கத்தோலிக்கர். கெனடி 'குவேக்கர்' மதப்பிரிவில் பிறந்தவர். குவேக்கர்களுக்குக் கோவில் அலங்காரம் கிடையாது. சுரூபம் கிடையாது. பூசை கிடையாது. ஓர் அறையில் கூடி, வாய் திறவாமல் அமர்ந்து, மௌனமாகவே கடவுளை நினைப்பார்கள்.

பெத்ரா பிறந்து வளர்ந்த குடும்பங்களின் வழக்கமோ நேர்மாறு. வீட்டின் ஒரு மூலையில் சின்னப் பீடம் இருக்கும். அதில் குவாதலூப்பே மாதாவின் படம். பக்கத்தில் அர்ச்சிஷ்டவர்களின் சுரூபங்கள். மெழுகுவர்த்தி. காகிதப் பூ. மாலை நேரத்தில் வீட்டுப் பெரியவள் ஜெபமாலையைத் தொடங்கினால், குழந்தைகளும் வேலைக்காரர்களும் மண்டியிட்டுப் பதில் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட இருவர் எப்படி ஒத்துப் போவது? ஒத்துப் போனார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒத்துப் போனார்கள்! இருவருக்கும் ஆறு குழந்தைகள் பிறந்தன. பிள்ளைகள் தாயின் மதத்திலேயே, கத்தோலிக்கராகவே வளர்ந்தார்கள். கெனடி அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. முதல் குடும்பத்துப் பிள்ளைகளையும் அவர் தள்ளி வைக்கவில்லை. அவர்களில் லூயிசா என்ற பெண்ணை ராபர்ட் டால்செல் என்ற கப்பல் கேப்டன் மணந்தார். பேரன் பேத்திகள் பிறந்தார்கள். பெத்ரா நாற்பது வயதுக்குள் பாட்டி ஆகிவிட்டார்.

குதிரை ஏறிய குருக்கள்

அந்நாளில் தெற்கு டெக்ஸாசில் கோவிலுக்குப் போவது எளிதல்ல. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே நாள் கணக்கில் பயணம். வழியெல்லாம் முள் காடு. கடும் வெயில். தண்ணீர் கிடையாது.

ஆகவே, ஜனங்கள் கோவிலுக்குப் போகவில்லை. கோவில் ஜனங்களைத் தேடி வந்தது!

பிரான்சு தேசத்தில் 1816-ல் மசெனோ என்பவர் ஒரு துறவியர் சபையைத் தொடங்கினார். 'அமலமரித் தியாகிகள் சபை' என்று பெயர். இந்தச் சபையைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். 1847-ல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் ஊழியம் தொடங்கிய சபை அதுதான். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1849-ல், அதே சபையின் குருக்கள் பிரவுன்ஸ்வில்லிலும் வந்து இறங்கினார்கள்.

யாழ்ப்பாணத்தில் தமிழ் படித்தது போல, ரியோ கிராண்டே கரையில் ஸ்பானிஷ் படித்தார்கள். குதிரைச் சேணத்தில் பூசைப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகச் சென்றார்கள். ஒரு பண்ணைக்குச் சுவாமியார் வந்தால் அது திருவிழா. பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம். காத்திருந்த ஜோடிகளுக்குக் கலியாணம். இறந்தவர்களின் கல்லறைக்கு மந்திரிப்பு. எல்லாம் ஒரே நாளில் நடக்கும்.

அந்தக் குருக்களில் ஒருவர் பியர் கெரலம். கட்டடக் கலை படித்தவர். பிரவுன்ஸ்வில்லில் 1859-ல் எழுந்த அமலோற்பவ மாதா கோவில் அவர் போட்ட திட்டத்தில் உருவானது. பெத்ரா வாழ்ந்த ஊரின் கோவில் அது.

கெரலம் சுவாமியாருக்கு வயதானபோது கண் மங்கிப் போனது. ஆனாலும் பண்ணைகளுக்குப் போவதை அவர் விடவில்லை. 1872 நவம்பரில் குதிரையேறிப் புறப்பட்டார். திரும்பி வரவில்லை. தேடிப் பார்த்தார்கள். அகப்படவில்லை.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 1882-ல், காணாமற்போன மாடுகளைத் தேடிச் சென்ற பண்ணை ஆட்கள் அடர்ந்த முட்புதருக்குள் நுழைந்தார்கள். அங்கே குதிரைச் சேணம். பக்கத்தில் பூசைப் பாத்திரம். மனித எலும்புகள். அவை கெரலம் சுவாமியாரின் எலும்புகள் என்று தெரிந்தது. 

அப்படிப்பட்ட தேசம் அது! பண்ணைக் குடும்பத்துப் பெண்களே அங்கே பாதிக் குருக்கள். ஜெபம் சொல்லிக் கொடுப்பது அவர்கள்தான். சாகக் கிடப்பவர் பக்கத்தில் அமர்ந்து மாதாவைக் கூப்பிடுவதும் அவர்கள்தான். கோவில் எட்டாத இடத்தில் மதத்தைக் காப்பாற்றியவர்கள் தாய்மார்களும் பாட்டிமார்களுமே. பெத்ரா அவர்களில் ஒருவர். கோவிலுக்கும் ஏழைகளுக்கும் தாராளமாகக் கொடுப்பவர் என்று அவர் பெயர் பெற்றார்.

தாயைச் சோதித்த மகன்

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் வெடித்தது. வடக்கும் தெற்கும் மோதின. அடிமை முறையை விட மறுத்த தெற்கு மாகாணங்களோடு டெக்ஸாஸ் சேர்ந்தது.

வடக்கு சர்க்கார் தெற்கின் துறைமுகங்களை அடைத்தது. ஆனால், ரியோ கிராண்டே மெக்சிகோவுக்கும் சொந்தமான ஆறு. அதை அடைக்க முடியவில்லை. கெனடியும் கிங்கும் தங்கள் கப்பல்களில் மெக்சிகோ கொடியை ஏற்றினார்கள். தெற்கின் பருத்தியை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பினார்கள். பணம் கொட்டியது. அடிமைகளின் வேர்வையில் விளைந்த பருத்தி அது என்பதை மறைப்பதற்கில்லை.

பெத்ராவின் மகன் அட்ரியானும் தெற்கின் ராணுவத்தில் சேர்ந்தான். கேப்டன் ஆனான். ஆனால், அவன் ஓரிடத்தில் நிற்பவன் அல்ல. 1863 அக்டோபரில் தன் ஆட்களோடு கலகம் செய்தான். பிரவுன்ஸ்வில் ஊரே நடுங்கியது. சில வாரங்களில் வடக்கு ராணுவம் அங்கே வந்து சேர்ந்தது. அட்ரியான் அதில் சேர்ந்தான். அங்கும் நிலைக்கவில்லை. 1864-ல் அதையும் விட்டு ஓடினான்.

அப்போது மெக்சிகோவில் வேறொரு யுத்தம். பிரெஞ்சு ராணுவத்தின் பலத்தால் மாக்சிமிலியன் அங்கே சக்கரவர்த்தியாக இருந்தார். அவரை எதிர்த்து ஹுவாரெஸ் என்ற தலைவரின் ஆட்கள் போராடினார்கள். அட்ரியான் ஹுவாரெசின் பக்கம் சேர்ந்தான். சக்கரவர்த்தியின் ஆட்களிடம் சிக்கினான். அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே பார்த்தோம்.

ஊர் அவனைத் துரோகி என்றது. ஆனால், பெற்றவளுக்கு அவன் மகன்.

36 மைல் வேலி

யுத்தம் ஓய்ந்தது. கெனடியும் கிங்கும் மாட்டுப் பண்ணைத் தொழிலில் பங்காளிகளாக இருந்தார்கள். 1868-ல் சண்டை இல்லாமல் பாகம் பிரித்துக் கொண்டார்கள்.

கெனடி 'லவுரெலெஸ்' என்ற பண்ணையை வாங்கினார். லட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கர் நிலம். கடல் நீர் மூன்று பக்கம் சூழ்ந்த இடம் அது. திறந்து கிடந்த பக்கத்தில் கெனடி 36 மைல் நீளத்துக்கு வேலி போட்டார். எங்கும் மாடுகள் இஷ்டம் போல் திரிந்த அந்தக் காலத்தில், அது எல்லோரும் வியந்த காரியம். டெக்ஸாசில் பெரிய பண்ணைகளுக்கு வேலி போடும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் கெனடி முக்கியமானவர்.

பெத்ரா நகரத்தை விட்டுப் பண்ணைக்கு வந்தார்.

பண்ணை என்றால் ஒரு வீடும் ஒரு தொழுவமும் அல்ல. அது ஒரு சின்ன ராஜ்யம். குதிரை மேல் ஏறி மாடு மேய்க்கும் வீரர்கள் இருந்தார்கள். 'வக்கேரோ' என்று அவர்களுக்குப் பெயர். சினிமாவில் நாம் காணும் அமெரிக்க 'கௌபாய்', இந்த மெக்சிகோ வக்கேரோவிடம்தான் தொழில் கற்றான். மாட்டின் கழுத்தில் வீசும் சுருக்குக் கயிறான 'லாசோ' ஸ்பானிஷ் சொல். 'ராஞ்ச்' என்பதும் ஸ்பானிஷ் சொல்லே.

வக்கேரோக்களின் குடும்பங்களும் பண்ணையிலேயே வாழ்ந்தன. கெனடி பண்ணையின் ஆட்களைக் 'கெனடெஞோ' என்று அழைப்பார்கள். 'கெனடியின் ஜனங்கள்' என்று அர்த்தம். தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் அங்கேயே வேலை செய்தார்கள்.

அந்த மக்கள் பேசியதும் ஜெபித்ததும் ஸ்பானிஷில். எஜமானர் ஆங்கிலம் பேசுபவர். எஜமானியோ அவர்களுடைய பாஷைக்காரி, அவர்களுடைய மதக்காரி. மே மாதம் 15-ந் தேதி உழவர்களின் காவலரான இசிதோர் திருநாள். டிசம்பர் 12-ந் தேதி குவாதலூப்பே மாதா திருநாள். பெரிய வீட்டுக்கும் குடிசைக்கும் இந்தத் திருநாள்கள் பொது.

ஆற்றின் வடகரையில் பரம்பரையாக நிலம் வைத்திருந்த மெக்சிகோ குடும்பங்கள் பல, அந்தக் காலத்தில் நிலத்தை இழந்தன. சில குடும்பங்கள் விற்றன. சில கோர்ட்டில் தோற்றன. வாங்கியவர்கள் வடக்கே இருந்து வந்தவர்கள். கெனடியும் அப்படி வாங்கியவரே. அவருடைய மனைவியோ நிலத்தை இழந்தவர்களின் இனத்தில் பிறந்தவர். ஒரே கூரையின் கீழ் இரண்டு உலகங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே பாலமாக நின்றவர் பெத்ரா.

விடியற்காலையில் ஒரு வேட்டு

பெத்ராவுக்கு இரண்டாவது சோதனை, கெனடிக்குப் பெற்ற மகன் ஜேம்ஸ் மூலமாக வந்தது. 'ஸ்பைக்' என்று அவனைக் கூப்பிடுவார்கள். முன்கோபக்காரன்.

1878-ல் ஸ்பைக் கன்சாஸ் மாகாணத்து டாட்ஜ் சிட்டிக்குப் போனான். டெக்ஸாஸ் மாடுகளை ரயில் ஏற்றும் ஊர் அது. குடியும் சூதாட்டமும் துப்பாக்கியும் மலிந்த ஊர். அங்கே நகரசபைத் தலைவர் கெல்லியோடு அவனுக்குச் சண்டை வந்தது.

அக்டோபர் 4-ந் தேதி. விடியற்காலை. கெல்லியின் வீட்டை நோக்கித் துப்பாக்கி வெடித்தது. ஆனால், கெல்லி அன்று வீட்டில் இல்லை. உடம்பு சரியில்லாமல் வெளியே சென்றிருந்தார். அந்த வீட்டில் தூங்கிக் கொண்டிருந்தவர் டோரா ஹேண்ட் என்ற பாடகி. குண்டு அவர் மேல் பாய்ந்தது. ஒரு பாவமும் அறியாத அந்தப் பெண் பிணமானார்.

ஸ்பைக்தான் சுட்டான் என்று ஊர் சந்தேகப்பட்டது. குதிரை வீரர்கள் அவனைத் துரத்தினார்கள். பாட் மாஸ்டர்சன், வயட் எர்ப் ஆகியோர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பிற்காலத்தில் எத்தனையோ சினிமாப் படங்களில் வந்த பெயர்கள் இவை! மாஸ்டர்சன் சுட்ட குண்டு ஸ்பைக்கின் தோளை நொறுக்கியது.

வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சியம் போதவில்லை என்று அவனை விட்டுவிட்டார்கள். தகப்பனார் கெனடி நேரில் போய் மகனை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

தாய் என்ன செய்வாள்? நொறுங்கிய தோளோடு வந்த மகனை விரட்டுவாளா? எங்கோ ஓர் ஊரில் மாண்ட அந்தப் பாடகியும் ஒரு தாய் பெற்ற பெண்தானே என்று நினைக்காமல் இருப்பாளா? இரண்டு பாரத்தையும் சுமந்துதான் அவள் மண்டியிட்டிருக்க வேண்டும்.

இறுதி நாட்கள்

1882-ல் கெனடி லவுரெலெஸ் பண்ணையை ஸ்காட்லாந்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றார். விலை 11 லட்சம் டாலர். இன்னும் தெற்கே 'லா பார்ரா' என்ற இடத்தில் நிலம் வாங்கத் தொடங்கினார். லா பார்ரா என்றால் திராட்சைக் கொடி. காட்டுத் திராட்சை படர்ந்த பூமி அது. பின்னால் அது நாலு லட்சம் ஏக்கர் பண்ணையாகப் பெருகியது.

குடும்பம் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கடற்கரை நகரத்தில் வசித்தது. 'கிறிஸ்துவின் திருச்சரீரம்' என்பது அந்தப் பெயரின் பொருள். மகள் சாராவை ஆர்தர் ஸ்போன் என்ற டாக்டர் மணந்திருந்தார். அந்த நகரத்தில் 1905-ல் கன்னியாஸ்திரீகள் நடத்தத் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு அந்த டாக்டரின் பெயரே வைக்கப்பட்டது.

இன்னொரு மகன் ஜான் அமைதியானவன். 1884-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கத்தோலிக்கப் பெண்ணான மேரி ஸ்டெல்லாவை அவன் மணந்தான். தாய் மனம் குளிர்ந்தது. ஆனால், அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்பைக் இறந்து போனான்.

1885 மார்ச் 16-ந் தேதி பெத்ரா அம்மையார் கண்ணை மூடினார். பிரவுன்ஸ்வில்லில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1888-ல், மற்றொரு மகன் தாமஸ் சுட்டுக் கொல்லப்பட்டான். அதையும் பார்க்கும் துர்ப்பாக்கியம் அந்தத் தாய்க்கு இல்லை. 1895-ல் மிப்ளின் கெனடியும் காலமானார்.

பாட்டி அறியாத பேத்தி

பெத்ரா இறந்து நாலு ஆண்டுகள் கழித்து, 1889-ல், ஜானுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சரித்தா என்று அழைத்தார்கள். 'சின்ன சாரா' என்பது போல ஸ்பானிஷில் செல்லப் பெயர்.

சரித்தா பாட்டியின் மடியில் உட்கார்ந்ததில்லை. பாட்டியின் குரலைக் கேட்டதில்லை. ஆனால் பாட்டியின் வாழ்க்கை அவரிடம் அப்படியே வந்து சேர்ந்தது!

லா பார்ரா பண்ணையில் வளர்ந்தார். குதிரை ஏறினார். பண்ணை மக்களோடு ஸ்பானிஷில் பேசினார். பூசையும் ஜெபமும் தவறாதவர். 1904-ல் ரயில் பாதை வந்தபோது, பண்ணையில் தோன்றிய புதிய ஊருக்குத் தகப்பனார் மகளின் பெயரை வைத்தார். 'சரித்தா' என்ற அந்த ஊர் இன்றும் இருக்கிறது. 1921-ல் உண்டான ஜில்லாவுக்குக் கெனடியின் பெயரே சூட்டப்பட்டது. சுமார் 1,450 சதுர மைல் பரப்புள்ள அந்த ஜில்லாவில், 2020-ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி மக்கள் தொகை 350 பேர்தான்! மாடுகளே அங்கே மெஜாரிட்டி.

சரித்தா 1910-ல் ஆர்தர் ஈஸ்ட் என்ற பண்ணைக்காரரை மணந்தார். குழந்தை இல்லை. 1931-ல் தகப்பனார் இறந்தார். 1944-ல் கணவர் இறந்தார். 1948-ல் ஒரே சகோதரர் இறந்தார். கெனடி பெயரைச் சுமக்க அந்தப் பெரிய வீட்டில் வாரிசு இல்லை. மண்ணுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்துச் செல்வம் மட்டும் பெருகிக்கொண்டே போனது.

'இத்தனையும் யாருக்கு?' என்ற கேள்வி அந்த அம்மாளை வாட்டியது. 1960-ல் தம் தாய் தந்தையர் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தினார். பண்ணையின் பெரிய வீட்டை அமலமரித் தியாகிகள் சபைக்கு விட்டுச் சென்றார். பாட்டி காலத்தில் குதிரை ஏறி வந்த அதே குருக்களின் சபை! 1961 பிப்ரவரியில் சரித்தா இறந்தார்.

அவர் கண்ணை மூடியதும் வழக்குகள் தொடங்கின. "அந்த உயில் செல்லுமா? இந்த உயில் செல்லுமா?" என்று உறவினர்களும் சாமியார்களும் வக்கீல்களும் மோதினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார்கள். கடைசியில் தர்ம ஸ்தாபனம் நிலைத்தது. பண்ணை வருமானத்தில் டெக்ஸாஸ் முழுவதும் கத்தோலிக்கக் கோவில்களுக்கும் பள்ளிகளுக்கும் ஏழைகளுக்கான பணிகளுக்கும் உதவி போகத் தொடங்கியது.

பெரிய வீடு 1973-ல் தியான இல்லமாக மாறியது. அங்கே வந்து தங்கியவர்கள் மௌன விரதம் காத்தார்கள்.

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. மௌனமாக அமர்ந்து கடவுளை நினைப்பது யார் வழக்கம்? குவேக்கராகப் பிறந்த தாத்தாவின் வழக்கம். அந்த வீட்டில் நடந்த பூசையும் மாதா வணக்கமும் யார் வழக்கம்? பாட்டியின் வழக்கம். தாத்தாவின் மௌனமும் பாட்டியின் ஜெபமும் பேத்தியின் வீட்டில் ஒன்று சேர்ந்தன!

மிஞ்சியது எது?

கெனடியின் பெயர் ஜில்லாவுக்கு இருக்கிறது. சரித்தாவின் பெயர் ஊருக்கு இருக்கிறது. பெத்ராவின் பெயரில் ஜில்லா இல்லை. நெடுங்காலம் அவரைப் பற்றிப் பேசுவாரும் இல்லை. 2007-ல்தான் டெக்ஸாசைச் சேர்ந்த இரண்டு பெண் எழுத்தாளர்கள் அவருடைய வரலாற்றைத் தனி நூலாக எழுதி வெளியிட்டார்கள்.

அவர் ராணி அல்ல. புத்தகம் எழுதியவர் அல்ல. மேடை ஏறியவர் அல்ல. இரண்டு குடும்பத்துக் குழந்தைகளையும் ஒரே வீட்டில் வளர்த்தார். ஊர் கைவிட்ட மகனுக்காகவும், ஊரைக் கைவிட்ட மகனுக்காகவும் அழுதார். புருஷனோடு மதச் சண்டை போடாமலே தம் மதத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்.

நாலு லட்சம் ஏக்கர் நிலத்துக்காக இருபது ஆண்டுகள் கோர்ட்டில் போராடினார்கள். ஆனால், பாட்டி விட்டுச் சென்ற பக்திக்கு யாரும் வழக்குப் போடவில்லை. அதற்குப் பத்திரம் இல்லை. வேலி இல்லை. தாயிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேத்திக்கும் அது தானாகவே வந்து சேர்ந்தது.

பேத்தியின் முகத்தைப் பாட்டி பார்க்கவில்லை. ஆனால் பேத்தி மண்டியிட்ட போதெல்லாம், பாட்டி சொன்ன ஜெபத்தைத்தான் சொன்னார்.